நுவரெலியா வாடகை பங்களாக்கள்: நோய்க் காலத்தில் நம்பிப் போகலாமா?

சித்திரைச் சீசனுக்கு நுவரெலியா போகிற உள்ளூர்க் குடும்பங்கள் ஹோட்டல் அறை தேடுவது குறைவு. அவர்களுக்கு முழு வீடு வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ கொழும்பிலிருந்தோ ஒரு ஹயஸ் வேனில் பதினான்கு பேர். கூடவே அரிசி, மிளகாய்த்தூள், பெரிய சட்டி. மூன்று அறையில் பெரியவர்கள், மண்டபத்தில் பாய் விரித்துப் பிள்ளைகள். இந்தத் தேவைக்காகவே நகரத்தைச் சுற்றியும் நானுஓயா, சீத்தா எலிய, ஹக்கல பக்கமும் 'பங்களா' என்ற பெயரில் வீடுகள் வாடகைக்கு விடப்படுகின்றன.

இங்கே மதிப்பிடுவது அந்தச் சேவையை. குறிப்பிட்ட ஒரு வீட்டை அல்ல. போகும் இடத்திலோ புறப்படும் ஊரிலோ நோய் பரவும்போது இந்த பங்களாக்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதுதான் கேள்வி. ஐந்துக்குப் புள்ளி போட்டால் வீட்டு அமைப்புக்கு நான்கு, தண்ணீருக்கு இரண்டரை, முற்பண விதிக்கு ஒன்று. அந்த ஒன்றுதான் மற்ற எல்லாவற்றையும் கீழே இழுக்கிறது.

நோய் வந்தால் கூட்டம் எப்படி அசைகிறது என்பதைப் பார்த்தால் காரணம் விளங்கும். வெளிநாட்டுப் பயணிகளின் கணக்கு விமான நிலையத்திலேயே கிடைத்துவிடும்: 2019 இல் 1,913,702 பேர், 2020 இல் 507,704, 2021 இல் 194,495. உள்ளூர்க்காரருக்கு அப்படி ஒரு வாசல் கிடையாது. பேராதனை, ஹக்கல தாவரவியல் பூங்காக்களிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் உள்ளூர் டிக்கெட்டும் வெளிநாட்டு டிக்கெட்டும் தனித்தனி என்பதால் அங்கிருந்து ஓரளவு பிடிக்கலாம். பங்களாக் காவலாளியின் தொலைபேசி அதைவிட வேகமான அளவுகோல். வெளிநாட்டவர் தம் அரசாங்கத்தின் பயண அறிவுறுத்தலையும் காப்புறுதியையும் பார்த்து முடிவெடுக்கிறார். நம்மவர் ஹட்டனில் இருக்கும் மாமாவுக்குக் கோல் எடுத்து "அங்க எப்பிடி?" என்று கேட்டு முடிவெடுக்கிறார். அதனால் உள்ளூர்த் தேவை விழுவதும் சட்டென்று, எழுவதும் சட்டென்று.

2020 மார்ச் 20 இல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. அந்த ஆண்டின் ஏப்ரல் சீசன் அடியோடு போனது. 2021 சித்திரைப் புத்தாண்டுக்குக் கூட்டம் மறுபடி மலையேறியது. அந்த மாதக் கடைசியில் மூன்றாம் அலை தலைதூக்க, மே மாதத்தில் மாகாணங்களுக்கு இடையிலான பயணம் நிறுத்தப்பட்டது. அப்போது தேவையின் வரைபடத்தையே மாகாண எல்லை வரைந்தது. கண்டிக் குடும்பத்துக்கு நுவரெலியா ஒரே மத்திய மாகாணம். நுவரெலியாவிலிருந்து வெலிமடைக்கு இறங்கினாலே ஊவா மாகாணம். எல்ல, பண்டாரவளை, ஹப்புத்தளை எல்லாம் அந்தப் பக்கம். தூரம் கொஞ்சம்தான் என்றாலும் சட்டப்படி அது வேறு உலகம். வெளி மாகாண வேன்களை மட்டுமே நம்பியிருந்த வீடுகள் பூட்டியே கிடந்தன. கண்டி, மாத்தளைக் குடும்பங்களைப் பழக்கமாக வைத்திருந்த வீடுகளுக்குத் தடை தளர்ந்த நாளிலேயே ஆள் வந்தது.

எல்லா நோயும் ஒரே மாதிரிக் கூட்டத்தை விரட்டுவதில்லை. காற்றில் பரவும் நோயென்றால் பயணம் சுருங்கும், முற்றாக நிற்காது. மூன்று இரவு ஓர் இரவாகும், ரயிலுக்குப் பதில் சொந்த வாகனம், ஹோட்டலுக்குப் பதில் தனி வீடு. இந்த மாற்றத்தால் பங்களாக்களுக்கு ஆதாயம்தான். தண்ணீரால் வரும் நோயென்றால் கதை வேறு. செங்கமாரி என்கிற ஹெபடைடிஸ் ஏ தொற்றிய பிறகு அறிகுறி காட்ட இரண்டு முதல் ஏழு வாரம் எடுக்கும். வந்தவர்கள் ஊர் திரும்பி, ஒரு மாதம் கழித்துக் கண் மஞ்சளாகும்போது எந்தத் தண்ணீர் என்று சொல்ல முடியாது. ஆகவே சந்தேகம் ஒரு வீட்டின் மேல் விழாமல் முழு ஊரின் மேலும் விழுந்து, நீண்ட நாள் தங்கும். டெங்கு என்றால் மலைக்குச் சாதகம் என்று பலர் எண்ணுகிறார்கள். 186,101 பேர் டெங்குவால் பாதிக்கப்பட்ட 2017 போன்ற ஆண்டில், நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்துக் குளிர் நுளம்பை மட்டுப்படுத்தும் என்பது உண்மைதான். கண்டியை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. 500 மீற்றர் உயரம் நுளம்புக்கு ஒரு தடையே இல்லை.

இனி முற்பணம். பெரும்பாலும் பாதித் தொகையை வங்கியில் வைப்பிலிடச் சொல்கிறார்கள். ரசீது என்பது ஒரு வாட்ஸ்அப் படம். ரத்துச் செய்தால் என்ன என்று கேட்டால் "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்பதே பதில். பார்த்துக்கொள்ள வேண்டிய நாள் வரும்போது பணம் இருக்காது. அது எங்கே போகிறது என்றால், மார்ச் மாதத்திலேயே வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கவும், மெத்தை மாற்றவும், கூரைத் தகரம் சரிபார்க்கவும் செலவாகிவிடுகிறது. இன்னும் சிலர் வீட்டுச் சொந்தக்காரரே அல்லர். சீசனுக்கென்று மொத்தமாக வாடகை கொடுத்து வீட்டை எடுத்து, இரவுக் கணக்கில் விடுகிற இடைத்தரகர்கள். அவர்கள் கட்டிய மொத்தப் பணம் திரும்பாதபோது உங்கள் முற்பணமும் திரும்பாது.

இதைப் பணத் தகராறாக மட்டும் பார்க்கக் கூடாது. நோய் பரவுவதற்கான நேரடி வழி இது. புறப்படும் நாள் காலையில் சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல். முற்பணம் போய்விடும் என்று தெரிந்தால் குடும்பம் என்ன செய்யும்? பனடோல் கொடுத்து வேனில் ஏற்றும். அந்தப் பிள்ளையோடு பதின்மூன்று பேர் ஏழு எட்டு மணித்தியாலம் கண்ணாடி மூடிய வாகனத்தில் வருகிறார்கள். வீட்டுக்குள் முதலில் அவர்களை வரவேற்கிறவர் காவலாளி. அவர் மாலையில் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்புகிறார், சுவருக்குச் சுவர் ஒட்டிய காம்பிராக்களுக்கு. ஒரு பங்களாவின் ரத்து விதி கடுமையாக இருந்தால் அதன் விலையைக் கட்டுவது அந்த லயம். கை கழுவும் திரவத்தை வாசலில் வைப்பதைவிடக் காய்ச்சல்காரர் வராமல் இருக்க வழி செய்வது நூறு மடங்கு பயன் தரும்.

அதனால் பதிவுக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை இரண்டு. ஊரடங்கு, மாகாணத் தடை, தனிமைப்படுத்தல் போன்ற அரச உத்தரவு வந்தால் முழு முற்பணமும் ஏழு நாளுக்குள் திரும்ப வேண்டும். குடும்பத்தில் யாருக்கும் காய்ச்சலோ வயிற்றோட்டமோ வந்தால், அன்று காலை சொன்னாலும், ஆறு மாதத்துக்குள் வேறு திகதி தர வேண்டும். அந்தத் திகதி ஏப்ரலிலோ டிசம்பரிலோ வராது என்று வீட்டுக்காரர் சொன்னால் அது நியாயமே. இரண்டுக்கும் சம்மதிக்காதவரிடம் பாதிக்குப் பதில் ஐந்தில் ஒரு பங்கு முற்பணம் பேசலாம். அதற்கும் இல்லையென்றால் வேறு வீடு. உறுதிமொழியை உங்கள் சொற்களில் அனுப்பி, "சரி" என்ற பதிலை வாங்கிய பிறகே வங்கிக்குப் போக வேண்டும். தொலைபேசிப் பேச்சு நிற்காது.

தண்ணீருக்கு வருவோம். நகரத்துக் குழாய் நீர் வரும் வீடுகளும் உண்டு. மேடான இடங்களில் ஊற்றிலிருந்தோ பீலியிலிருந்தோ குழாய் போட்டுக் கூரைத் தாங்கிக்கு எடுக்கும் வீடுகளும் உண்டு. "மலைத் தண்ணி, சுத்தம்" என்று பெருமையாகச் சொல்வார்கள். ஊற்றின் மேலே மரக்கறித் தோட்டமோ லயத்துக் கழிப்பறையோ இருந்தால் அந்தப் பெருமைக்கு அர்த்தமில்லை. வந்ததும் தாங்கியின் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நல்ல தாங்கியின் அடி தெரியும். சரியில்லாததில் கையளவு ஆழத்துக்குச் செம்மண் படிந்து, சுவரில் வழுவழுப்பாகப் பச்சை ஏறி, மூடியின் ஒரு மூலை உடைந்து அதற்கு மேல் கல் வைத்திருக்கும். அந்த உடைந்த மூலை போதும், எலிக்கும் பல்லிக்கும் தவளைக்கும்.

1,000 லீட்டர் தாங்கியைச் சுத்தம் செய்ய, முதலில் வண்டலை முழுதாக வெளியேற்றித் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு நீர் நிரப்பி, பொது சுகாதாரப் பரிசோதகர்கள் கிணறுகளுக்குப் போடுகிற டி.சி.எல். தூள் (30 வீதம் குளோரின் உள்ளது) 165 கிராம் அளவில் கரைத்து ஊற்றி, எல்லாக் குழாயிலும் குளோரின் மணம் வரும்வரை திறந்து மூடி, ஓர் இரவு விட வேண்டும். காலையில் முழு நீரையும் வடித்து, அலசி, மறுபடி நிரப்பும்போது போட வேண்டியது வெறும் 7 கிராம். அரை மணித்தியாலம் கழித்துக் குழாயில் பிடித்த நீரில் லீட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருந்தால் சரி. தவறு நடக்கும் இடங்கள் சில. தூளை நேராகத் தாங்கிக்குள் கொட்டினால் சுண்ணாம்புக் கசடு அடியில் தங்கும்; வாளியில் கரைத்துத் தெளியவைத்து மேல்நீரை மட்டும் ஊற்ற வேண்டும். மழைக்குப் பின் நீர் கலங்கியிருந்தால் குளோரினை அந்த மண்ணே தின்றுவிடும். வடிகட்டாமல் போட்டுப் பயனில்லை. பை திறந்து மாதக்கணக்கில் ஈரத்தில் கிடந்த தூளுக்கு வீரியம் இருக்காது. நுவரெலியாவில் எல்லாமே ஈரத்தில்தான் கிடக்கிறது.

குடிக்கும் நீரைக் கொதிக்கவைப்பது பற்றி ஒரு குழப்பம் நிலவுகிறது. உயரத்தில் நீர் 94 பாகையை ஒட்டியே கொதித்துவிடும். அரிசி வேகச் சுணங்குவது அதனால்தான். கிருமிக்கு அந்தச் சூடு போதும்: நுவரெலியாவில் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதுமானது. ஹோர்ட்டன் சமவெளி போல 2,000 மீற்றரைத் தாண்டிய இடத்தில் மூன்று நிமிடம். கேத்தல் தானாக அணைந்ததும் ஊற்றிக் குடிப்பதைவிட அடுப்பில் பானை வைப்பது நல்லது, அளவு தெரியும்.

நீண்ட நாள் பூட்டியிருந்த வீட்டில் குளியல் நீருக்குத் தனிக் கவனம் வேண்டும். லெஜியனெல்லா என்ற கிருமி 25 முதல் 45 பாகை வரையுள்ள தேங்கிய வெந்நீரில் பெருகும். ஷவர் சிதறும் நுண்துளிகளோடு நுரையீரலுக்குள் போகும். நுவரெலியாவின் பனிமூட்டத்தில் சோலார் ஹீட்டர் பல நாள் முழுச் சூட்டுக்கு ஏறாமல் வெதுவெதுப்பிலேயே நிற்கும். கிருமி விரும்பும் சூடு அதுவே. மின் கீசரை 60 பாகையில் வைக்க வேண்டும். மின்சாரம் மிச்சம் பிடிக்க 40 இல் வைப்பது தவறான இடத்தில் சிக்கனம். விருந்தினர் வருவதற்கு முதல் நாள் எல்லா ஷவர்களையும் ஐந்து நிமிடம், தலையைக் கழற்றிவிட்டு, அறைக் கதவைச் சாத்தி ஜன்னலைத் திறந்து ஓடவிடச் சொல்லிக் கேட்கலாம். இன்ஸ்டன்ட் ஹீட்டர் உள்ள வீட்டில் இந்தக் கவலை குறைவு, நீர் தேங்குவதில்லை.

காற்றோட்டம்தான் வீட்டு அமைப்புக்கு ஐந்து போடாததற்குக் காரணம். இரவு 10 பாகையை அண்டும்போது யாரும் ஜன்னல் திறப்பதில்லை. பழைய பங்களாக்களின் உயர்ந்த கூரையும் புகைபோக்கியும் காற்றுக்கு வழி விடுகின்றன. புதிதாகக் கட்டிய அலுமினிய ஜன்னல் வீடுகள் போத்தல் மூடி போல் இறுகியவை. எதிரெதிர்ப் பக்கத்து ஜன்னல்களைக் காலை, மதியம், படுக்கப் போகுமுன் பத்து நிமிடம் திறந்தால் சுவரின் சூடு போகாது, பழைய காற்று போய்விடும். இன்னோர் ஆபத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். முற்றத்தில் இறைச்சி சுட்ட கரி அடுப்பைக் குளிருக்கு மண்டபத்துக்குள் தூக்கி வந்து கதவைச் சாத்துகிறார்கள். கரி தணலிலிருந்து வரும் கார்பன் மோனொக்சைட்டுக்கு மணமில்லை, புகையுமில்லை. தூங்குகிறவர் எழும்பமாட்டார். எந்த நோயைவிடவும் வேகமானது அது, தயவுசெய்து செய்யாதீர்கள்.

போர்வைகள் விஷயத்தில் வீட்டுக்காரரைக் குறை சொல்வது எளிது; காரணம் காலநிலை. துவைத்த கம்பளி மழைக் கிழமையில் மூன்று நாளானாலும் காயாது. சீசனில் ஒரு குடும்பம் பதினொரு மணிக்கு வெளியேறி இரண்டு மணிக்கு அடுத்தது வருகிறது. அந்த மூன்று மணித்தியாலத்தில் விரிப்பும் தலையணை உறையும் மாறும், கம்பளி மடிக்கப்பட்டு மறுபடி கட்டிலுக்குப் போகும். மடிப்பைப் பிரித்து முகர்ந்தால் சாம்பிராணியும் பழைய வியர்வையும் கலந்து வரும். கம்பளிக்குப் பருத்தி உறை போட்டு உறையை மட்டும் மாற்றுகிற வீடுகளும் இருக்கின்றன. அதைக் கேட்டு வாங்குவது நல்லது. இல்லையேல் ஆளுக்கொரு பெட்ஷீட் கொண்டுபோய்க் கம்பளிக்கு அடியில் விரித்துக்கொள்ளலாம்.

துடைக்கும் கலவையை மணத்தை வைத்து எடைபோடக் கூடாது. கைப்பிடி, சுவிட்ச், குழாய்த் திருகுக்கு அதே டி.சி.எல். தூள் லீட்டருக்கு 3 கிராமுக்குச் சற்று மேல் போதும். யாராவது வாந்தி எடுத்திருந்தால் லீட்டருக்கு 17 கிராம்; முதலில் துடைத்தெடுத்துவிட்டு, கலவையை ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். அன்றன்றைக்குக் கரைப்பது முக்கியம். கழிப்பறைக்கு ஊற்றும் அமிலத் திரவத்தோடு இதைக் கலந்தால் குளோரின் வாயு எழும். ஜன்னலில்லாத சின்னக் குளியலறைக்குள் அந்த வேலையைச் செய்கிறவர் காவலாளியின் மனைவியாக இருப்பார், பெரும்பாலும் கையுறையோ முகக்கவசமோ இல்லாமல்.

அவர்களைப் பற்றியும் பேசாமல் இந்தச் சேவையை மதிப்பிட முடியாது. சமைக்கிற அப்புவும் காவலாளியும் துணி துவைக்கிறவரும் பெரும்பாலும் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள். ஆள் வந்தால் காசு. முற்பணத்தை வைத்துக்கொள்ளும் வீட்டுக்காரர் ரத்தான இரவுக்கு இவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறாரா என்று கேளுங்கள். கொடுப்பவராயிருந்தால் முற்பணத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பதில் தப்பில்லை.

வந்த இடத்தில் காய்ச்சல் வந்தால்: நுளம்பு கடித்து 4 முதல் 10 நாளுக்குள் டெங்கு தொடங்கும். ஆகவே கொழும்பில் கடித்ததற்கு நுவரெலியாவில் காய்ச்சல் வரலாம், குளிரால் வந்தது என்று எண்ணி இருந்துவிடக் கூடாது. பரசிட்டமோல் மட்டும், இபுபுரோஃபென், அஸ்பிரின் வேண்டாம். மூன்றாம் நாளுக்குள் முழு இரத்தப் பரிசோதனை. காய்ச்சல் இறங்கும் நேரமே டெங்குவில் ஆபத்தான நேரம், அன்று வேனில் ஏறி ஆறேழு மணித்தியாலம் பயணம் செய்யக் கூடாது. நுவரெலியா நகரிலேயே மாவட்டப் பொது வைத்தியசாலை உண்டு. ஹட்டன் பக்கம் டிக்கோயா ஆதார வைத்தியசாலை. பண்டாரவளை, ஹப்புத்தளைக்காரருக்குத் தியத்தலாவை. அம்புலன்ஸுக்கு 1990, கட்டணமில்லை. வீடு எடுக்கும்போதே பாருங்கள்: கடைசி ஒரு கிலோமீற்றர் தோட்டத்துக் கல்பாதையாக இருந்தால் இரவில் அம்புலன்ஸ் வாசல்வரை வருமா?

எல்லவில் வீட்டோடு சேர்ந்த விருந்தினர் அறைகள் வேறு ரகம். வெளிநாட்டவர் விட்டுப்போகும் மதிப்புரைகளை நம்பியே பிழைப்பதால் தண்ணீர், விரிப்பு விஷயத்தில் கவனம் அதிகம். இணையத்தில் பதிவதால் ரத்து விதியும் எழுத்தில் இருக்கும். பதினான்கு பேருக்கு அங்கே இடமில்லை, சமைக்கவும் விடமாட்டார்கள். நான்கு பேர் குடும்பத்துக்கு நோய்க் காலத்தில் எங்கள் பரிந்துரை அதுவே. சிவனொளிபாத மலை அடிவாரத்து நல்லதண்ணியில் டிசம்பர் முதல் மே வரையான யாத்திரைக் காலத்து மண்டபங்களில் வரிசையாகப் படுக்க வேண்டும். காற்றில் பரவும் நோய் இருக்கும் மாதத்தில் இரவோடு இரவாக ஏறி இறங்கி ஹட்டனுக்குத் திரும்புவதே மேல்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழை மலையகத்தைச் சரித்துப் போட்ட பிறகு கேட்க வேண்டிய கேள்விகள் கூடின. மண்சரிவு ஊற்றுக் குழாய்களை இழுத்துக்கொண்டு போன இடங்களில், புதுக் குழாய் எங்கிருந்து எடுக்கப்பட்டது? வெள்ள நீர் ஏறி வடிந்த இடத்தில் எலிக்காய்ச்சல் பயம் இருக்கும். காலில் வெட்டுக்காயம் உள்ளவர் ஓடையிலும் அருவியிலும் இறங்காமல் இருக்க வேண்டும். வீட்டின் பின்பக்கம் வெட்டிய மண்சுவர் நின்றால், அந்தப் பிரதேசச் செயலகப் பிரிவுக்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவகம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பில் எந்த மண்சரிவு எச்சரிக்கை விட்டிருக்கிறது என்று புறப்படும் காலையில் பார்க்கலாம்.

பதிவதற்கு நல்ல நேரம் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: நோய்ச் செய்தி அடங்கிய முதல் நீண்ட வார இறுதியைத் தவிருங்கள். அடங்கியிருந்த கூட்டம் முழுதும் அன்றுதான் கிளம்பும், வீடுகள் ஒரே மூச்சில் திறக்கப்பட்டு, தாங்கி கழுவ ஆள் இல்லாமல், ஷவர் ஓடவிட நேரமில்லாமல் சாவி கைமாறும். அதற்கு அடுத்த கிழமை செவ்வாய் முதல் வியாழன் வரை கேளுங்கள். வாடகை குறைவாக இருக்கும், முற்பணத்தில் பேச இடமிருக்கும். முந்திய நாள் மாலை காவலாளிக்கே நேராகக் கோல் எடுத்து, "அண்ணே, தாங்கி கழுவி எத்தனை நாளாச்சு?" என்று கேளுங்கள். திகதி சொல்கிறாரா, "எல்லாம் சுத்தமாத்தான் இருக்கு" என்கிறாரா என்று கவனியுங்கள்.